எனக்குப் பழம் இல்லை

என் மூஞ்சியை யாரும் இதுவரை குறை சொன்னதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். மூஞ்சி நன்றாக இருந்ததால்தான் இத்தனை அலைச்சலும் வந்தது. சுமாரான முகத்தோடு பிறந்திருந்தால் பாகூர்க் கடைத்தெருவில், அப்பாவின் மளிகைக் கடையில் உட்கார்ந்து பருப்பு நிறுத்துக் கொடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

எல்லாம் ஒரு வேட்டியில் ஆரம்பித்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம். அதுவரை புதுச்சேரி டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர்களுக்கு விளம்பரமே தேவைப்படவில்லை. சீமைத் துணி கப்பலில் வந்து இறங்கும். கடலூர், விழுப்புரம் பக்கத்து ஆட்கள் தாங்களாகவே வந்து வாங்கி, உடம்பில் சுற்றிக்கொண்டு, எல்லையில் சுங்கச் சாவடிக்காரன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போவார்கள். சாவடி எடுபட்டதும் அந்த வியாபாரமும் படுத்துவிட்டது. அப்பாவுக்குப் பழக்கமான ஒரு ஜவுளிக்கடை முதலாளி, இனி உள்ளூர் வேட்டியை விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்று முடிவுகட்டி, சினிமாக் கொட்டகையில் இடைவேளையில் காட்டும் ஸ்லைடுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். தீபாவளித் துணி எடுக்கப் போன நான் அவர் கண்ணில் பட்டேன்.

போட்டோ ஸ்டூடியோவில் அட்டையில் செய்த தூண் ஒன்றின் பக்கத்தில் என்னை நிற்க வைத்தார்கள். கரைவேட்டியின் ஒரு நுனியை விரலால் தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "அசையாத, சிரிக்காத, பேசாத" என்றார். நான் மூன்றையும் ஒழுங்காகச் செய்தேன். அவருக்கு ரொம்பத் திருப்தி.

ஸ்லைடு எங்கள் ஊர் டென்ட் கொட்டகைக்கும் வந்தது. இடைவேளையில் என் உருவம் திரையில் விழுந்ததும் மணல் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் விசில் அடித்தார்கள். ஏதோ எனக்குள் ஏறிவிட்டது. என்ன ஏறியது என்று அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

"ஒயுங்கா கடையில குந்துடான்னா, ஊருக்கெல்லாம் வேட்டி கட்டிக் காட்டிக்கினு நிக்கிறான் பாரு" என்று வாடிக்கையாளர்களிடம் புலம்பினார். அம்மா மட்டும், "நல்லாத்தான இருந்தான், உனுக்கு இன்னா வயித்தெரிச்சலு?" என்றாள்.

அந்த ஸ்லைடைப் பார்த்துவிட்டு டவுனில் இருந்த ஒரு நாடக சபாவிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். சரித்திர நாடகம். இளவரசன் வேஷம். சபாவின் காரியதரிசி என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வாள் பிடிக்கிறதுக்குன்னே பொறந்த தோளு" என்றார். அன்று சைக்கிளில் அரியாங்குப்பம் பாலம் ஏறும்போது மிதித்தேனா பறந்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

முதல் ஒத்திகையில் எனக்குக் கொடுத்த வசனம் இது: "அம்பு மழை பொழிந்தாலும் நான் வீழ மாட்டேன்." தெளிவாக, கணீரென்று, வயிற்றிலிருந்து சொன்னேன். கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காரியதரிசி மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"தம்பி, மயை இல்ல. மழை."

"அதத்தான்யா சொல்றேன். மயை."

"மழை."

"ஆமா, மயை."

அவர் கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக எனக்கு வித்தியாசம் கேட்கவில்லை. நான் சொன்னது, "அம்பு மயை பொயிந்தாலும் நான் வீய மாட்டேன்" என்று இருந்ததாம். பள்ளிக்கூடத்தில் ழ எழுதியிருக்கிறேன், தப்பில்லாமல் எழுதியிருக்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் அது எழுதுவதற்கு மட்டும்தான். வாத்தியாரே, "வாயப்பயம்னு எய்துடா" என்றுதான் சொல்வார். நாங்கள் வாழைப்பழம் என்று எழுதுவோம். யாருக்கும் அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

அன்று எனக்கு உண்மையில் கோபம் வந்தது எப்போது தெரியுமா? ஒத்திகை முடிந்து எல்லோரும் டீக்கடைக்குப் போனோம். அதே காரியதரிசி கடைக்காரனைப் பார்த்து, "ரெண்டு வாயப்பயம் குடுப்பா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த ஆளும் நம்ம ஜாதிதான்! இவர்கள் எல்லோருமே வீட்டில் பயம் தின்றுவிட்டு மேடையில் பழம் பேசுகிறவர்கள். மேடைக்கென்று தனியாக ஒரு நாக்கு வைத்திருந்தார்கள். அதை எங்கே வாங்கினார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இளவரசன் வேஷம் வேறு ஒருவனுக்குப் போயிற்று. என்னைவிட ஒரு சாண் குட்டை, தோளும் சரிந்த தோள். எனக்கு ஈட்டியைக் கொடுத்து அரண்மனை வாசலில் நிறுத்தினார்கள். அந்த நாடகத்திலும் நின்றேன், அடுத்ததிலும் நின்றேன், அதற்கடுத்ததிலும் நின்றேன். ராஜாக்கள் மாறினார்கள், அரண்மனை மாறியது, நானும் ஈட்டியும் மாறவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் கிழவர் ஒருவர், சொல்தா என்று எல்லோரும் கூப்பிடுவார்கள், முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு உள்ளே வந்து என் முதுகைத் தட்டினார்.

"இந்த மாதிரி ஆடாம அசங்காம நிக்கிறவன நான் சைகோன்லதாம்பா பாத்தேன்."

அவர் மனதாரத்தான் பாராட்டினார். எனக்கு அவரைக் கடித்துக் குதற வேண்டும் போல இருந்தது. நிற்பதற்கா நான் வந்தேன்? ஒரு வரி. ஒரே ஒரு வரி வாயைத் திறந்து பேச வேண்டும், அதைப் பத்து பேர் கேட்க வேண்டும். அந்த நாட்களில் எனக்கு வேறு ஆசையே இருந்ததில்லை.

ழவைப் பிடித்தே தீருவது என்று இறங்கினேன். பாகூர் ஏரிக்கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, நாக்கை மடித்து மேலண்ணத்தில் ஒட்டாமல் ஒட்டி, ழ, ழ, ழ என்று கத்துவேன். மாடு மேய்க்கிறவர்கள், இவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று விலகிப் போவார்கள். ஒரு நாள் திடீரென்று வந்துவிட்டது. என் காதுக்கே கேட்டது. மயை வேறு, மழை வேறு. இத்தனை வருஷம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கி வைத்திருந்திருக்கிறேன்.

வந்ததை விடக்கூடாது என்று கடையிலும் அப்படியே பேச ஆரம்பித்தேன். அதுதான் அடுத்த தொல்லை. "வாழைப்பழம் இன்று இல்லை, கொழுந்து வெற்றிலை இருக்கிறது" என்றால் வாங்க வந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"இன்னா தம்பி, பொஸ்தகம் கணக்கா பேசுற?"

"மேரி ஆபீசுல கிளார்க்கு வேல கெடச்சிருச்சா?"

வேண்டுமென்றே ஆளை அனுப்பி, "கோயி முட்ட இருக்கான்னு கேளு, அந்தத் தம்பி சொல்றதக் கேக்க ஜோரா இருக்கும்" என்பார்கள். அப்பா கல்லாவில் உட்கார்ந்தபடியே கொதித்தார். "யாவாரம் பண்ற எடத்துல நாடகம் பேசாத. ஜனங்க பேசுற மாரி பேசு" என்றார். டவுனில் ய சொன்னால் சிரித்தார்கள், ஊரில் ழ சொன்னால் சிரித்தார்கள். நான் எங்கே போய் வாயைத் திறப்பது?

இதைவிட மோசமான ஒன்று மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. நாக்குக்கு ழ வந்துவிட்டது. ஆனால் அதை எங்கே போடுவது, எங்கே போடக்கூடாது என்பது வரவில்லை. பிறந்ததிலிருந்து காதில் ஒரே சத்தமாக விழுந்தவற்றை இப்போது இரண்டாகப் பிரி என்றால் எப்படிப் பிரிப்பது? எழுத்தில் பார்த்தால் தெரியும். பேசும்போது எழுத்து எங்கே தெரிகிறது? ய என்று ஒன்று வாயில் வந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பட்டிக்காட்டு ய போலிருக்கிறதே என்று பதறிப்போய் அதை ழ ஆக்கிவிடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது, "கோழிலுக்குப் போழிட்டு வரேம்மா" என்றேன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "கோயிலாடா, கோயியாடா?"

நான் கோயிலைக் கோழி ஆக்கியிருந்தேன். அவள் கோழியைக் கோயி என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சாமி என்ன பாடுபட்டதோ. அம்மா அன்று முழுதும் நினைத்து நினைத்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

சபா நாடகம் ஒன்றைப் பார்க்க மெட்ராசிலிருந்து ஒரு ஏஜெண்ட் வந்திருந்தார். படக் கம்பெனிகளுக்குக் கும்பலில் நிற்க ஆள் பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். ஈட்டியும் நானும் அவருக்குப் பிடித்துவிட்டோம். கோடம்பாக்கத்துக்குப் போக வர ஆரம்பித்தேன். கல்யாணக் காட்சியில் மாப்பிள்ளைக்குப் பின்னால், கோர்ட்டுக் காட்சியில் டவாலிக்குப் பக்கத்தில், ராஜசபையில் வழக்கம் போல வாசலில். ஏஜெண்ட் நல்ல மனுஷன், ஒளிவுமறைவில்லாமல் பேசுவார்.

"வாயத் தொறக்காத வரைக்கும் நீ ராஜாப்பா" என்பார்.

கடைசியில் அந்த நாளும் வந்தது. படத்தில் கதாநாயகியின் தம்பியாக வர வேண்டிய பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. செட்டு தயார், மற்றவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். டைரக்டர் கும்பலைப் பார்த்துக் கை நீட்டினார். "அந்த உயரமான பையன்." அந்தப் பையன் நான்தான். ஒரே காட்சி, ஒரே வசனம். வில்லன் வாசலை மறித்து நிற்கிறான், தம்பி அவன் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: "எனக்குப் பயம் இல்லை. வழியை விடு."

என் காட்சியை மறுநாளைக்கு வைத்துவிட்டு, உதவி டைரக்டர் அன்றைக்கே வசனத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். ஏஜெண்ட் வீட்டு மாடியில் நடந்து நடந்து சொன்னேன். முதலில் வருவது ய, பின்னால் வருவது ழ. பயம், வழி. பயம், வழி. சொல்லச் சொல்ல இரண்டும் ஒன்றையொன்று தொற்றிக்கொண்டன. சாப்பிடும்போது சரியாக வந்தது, பல் விளக்கும்போது வரவில்லை. ஆனாலும் செட்டுக்குள் நுழைந்தபோது தைரியமாகத்தான் இருந்தேன்.

விளக்குகளைப் போட்டார்கள். மைக்கை என் தலைக்கு மேல் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். வில்லன் நடிகர் மீசையை முறுக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்:

"எனக்குப் பழம் இல்லை. வயியை விடு!"

மேலே பரணில் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்தான் முதலில் சிரித்தார்கள். வில்லன் மீசையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். டைரக்டர் மட்டும் மரியாதையாக, "பழம் அப்புறம் வாங்கித் தரேன் தம்பி, இப்போ டயலாக்கைச் சொல்லு" என்றார்.

திரும்பச் சொன்னேன். பயம் சரியாக வந்தது, வயியும் வந்தது. மறுபடி. வழி சரியாக வந்தது, பழமும் வந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சரியாகச் சொல்ல என் நாக்கு மறுத்துவிட்டது. ஃபிலிம் ஓடிக்கொண்டே இருந்தது. புரொடக்ஷன் மானேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு வேர்த்து, போட்ட மேக்கப் கழுத்து வழியாக வழிந்தது. எட்டு வயசில் எழுத்துக்கூட்டியது இப்போது முடியவில்லையே என்று என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

டைரக்டர் பக்கத்தில் வந்து தோளில் கை போட்டார். "ஒண்ணும் பரவாயில்லை. நீ சொல்றபடி சொல்லு, வாய் அசைஞ்சா போதும். மீதியை நாங்க பார்த்துக்கறோம்."

அந்த வார்த்தையை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது. வேட்டி ஸ்லைடு எடுத்த போட்டோக்காரர் என் கன்னத்துத் தழும்பைப் பென்சிலால் தடவி இல்லாமல் ஆக்கியிருந்தார். அதைப் போலவே என் பழத்தையும் தடவிப் பயம் ஆக்கிவிடுவார்கள், குரலுக்கும் அப்படி ஒரு பென்சில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சினிமாவில் எதுவும் முடியும் என்று எல்லோரும்தானே சொன்னார்கள்? சந்தோஷமாக ஊருக்கு வந்து, "பேசிட்டேம்மா" என்றேன்.

படம் பாகூர்க் கொட்டகைக்கு வந்தபோது தெருவே கிளம்பியது. முதல் ஆட்டத்துக்கு அப்பா கடையைச் சாத்தினார். சாவுக்கும் கல்யாணத்துக்கும் தவிர அவர் சாத்தி நான் பார்த்ததில்லை. அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், "எம்மவன் பேசுறான்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

என் காட்சி வந்தது. வில்லன் மறித்தான். என் முகம் திரை முழுக்க வந்தது. வாய் திறந்தது. "எனக்குப் பயம் இல்லை. வழியை விடு!" என்று கனமான, முப்பது வயசுக்காரன் குரல் ஒன்று என் வாயிலிருந்து வந்தது. ய ய ஆகவும் ழ ழ ஆகவும் அவ்வளவு சுத்தம்.

கொட்டகை அதிர்ந்தது. விசில், கைதட்டல். பின்னாலிருந்து யாரோ, "எப்டிடா இவ்ளோ கணீர்னு பேசுன?" என்று முதுகில் குத்தினார்கள். அப்பா முதல் தடவையாக என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பரவாலடா. நல்லாத்தான் வந்துக்கீது" என்றார். இத்தனை வருஷம் நான் ஏங்கிய பாராட்டு அது. அதை வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. முகம் தெரியாத ஒருவன் மெட்ராசில் ஒரு மைக்கின் முன்னால் நின்று எனக்கு வர வேண்டியதைத் தின்றுவிட்டுப் போயிருந்தான்.

அம்மா மட்டும் கைதட்டவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"அது யாருடா, உன் வாயில பேசுனது?"

"கம்பெனில ஒரு ஆளும்மா."

"அப்ப நீ பேசுனத இன்னா பண்ணாங்க?"

"எடுத்துட்டாங்க."

"அவ்ளோ தூரம் போயி பேசிட்டு வந்தியேடா" என்றாள்.

அதற்குப் பிறகு வேலை வரத்தான் செய்தது. வாயசைத்தால் போதும் என்றால் என்னைப் போல மலிவான ஆள் யார்? அடுத்த படத்தில் ஒரு பண்ணையாரின் மூத்த மகன். அப்பனை எதிர்த்துப் பேசும் காட்சி, கொஞ்சம் நீளமான வசனம். டைரக்டரிடம் போய், "குரலும் என்னோடதா இருக்கட்டும் சார், நான் பழகிட்டு வரேன்" என்று கேட்டேன். அவர் சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டே, "அதுக்கு ஆள் இருக்கில்லப்பா, நீ ஏன் கஷ்டப்படறே?" என்றார்.

எனக்கு உச்சந்தலையில் ஏறியது. எப்படியும் எடுத்துத்தானே எறியப் போகிறீர்கள் என்று, விளக்குகள் எரிந்ததும் அவர்கள் எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டுவிட்டு என் வாய்க்கு வந்ததைப் பேசினேன். "இன்னாய்யா நெனச்சிக்கினு கீற? வாய்நாள் பூரா உன் வாசல்லயே நிப்பேன்னா? ஒயுங்கா நெலத்தப் பிரிச்சிக் குடு, நான் என் வயியப் பாத்துக்கினு போறேன்." கை தானாக எழுந்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது. நாக்கு ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "பிரமாதம்! இந்த முகத்தைத்தான் இத்தனை நாளாத் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார். எதிரே பண்ணையாராக நின்ற பெரிய நடிகர் என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் நம்பிவிட்டேன். இந்தத் தடவை என் குரலையே வைத்துக்கொள்வார்கள் என்றுதான் நினைத்தேன். வெளியே வரும்போது, சவுண்டு பார்ப்பவரிடம் டைரக்டர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "அந்தக் குரல் கொடுக்கிறவனை நாளைக்கே வரச் சொல்லு."

அந்தப் படமும் எங்கள் ஊருக்கு வந்தது. கொட்டகைக்காரர் இனாமாகக் கொடுத்த டிக்கெட்டை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். அடுப்பங்கரையில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"உன் மூஞ்சப் பாக்க நான் எதுக்குடா கொட்டாய்க்கு வரணும்? அதுதான் வூட்டுலயே கீதே. உன் கொரலு வர்ற படம் வந்தா சொல்லு, வரேன்."

சரிம்மா என்றேன். அவள் இருந்த வரைக்கும் அப்படி ஒரு படம் வரவில்லை.